இன்சூரன்ஸ் வேணுமோ எண்டு மூண்டுதரம் கேட்டவை

கனநாளா இந்தப் பக்கம் வரேல்ல. மிட்ரேம், அசைன்மென்ற் எண்டு ஒரே ஓட்டம். போனமுறை பணவீக்கம் பற்றி எழுத நீங்கள் எல்லாரும் கொட்டாவி விட்டியள். இந்தமுறை ரெயிலர். சிரிக்காதேங்கோ, நல்ல கோபத்தில இருந்துதான் எழுதுறன்.

ஓகஸ்டில பெரிய மச்சானுக்கு ஒட்டாவாவில வேலை கிடைச்சது. அவற்ற கொரோலா ரேடியேற்றர் ஒழுகிற பழைய கார். ஸ்காபரோவில இருந்து கிட்டத்தட்ட 450 கிலோமீற்றர் ஓடாது. மாமாவிட்ட பிக்கப் இருக்கு, ரெயிலரை வாடகைக்கு எடுத்து ஏத்திக்கொண்டு போவம் எண்டு முடிவு.

வாடகைக் கடையில நிண்டது என்ர வயதுப் பொடியன். லைசென்ஸ் பாத்தான், கிரெடிட் கார்ட் வாங்கினான். டமேஜ் இன்சூரன்ஸ் வேணுமோ எண்டு மூண்டுதரம் கேட்டான். கொழுவினான், லைற் எரியுதோ எண்டு பாத்தான், சரி போட்டு வாங்கோ. பத்து நிமிசம். முந்தி எப்பவாவது இழுத்திருக்கிறியளோ எண்டு ஒரு வார்த்தை இல்லை. அவனைக் குற்றம் சொல்லேல்ல, பின்னால ஆறுபேர் வரிசையில நிக்கினம்.

மாமா காரை ரிவேர்ஸில ஏத்தினார். "அங்க இறக்கேக்க நேர ஓட்டிக்கொண்டு இறங்கலாமடா" எண்டார். எனக்கும் கெட்டித்தனமாத்தான் பட்டது.

போர்ட் ஹோப் கிட்ட 401 இல ஒரு இறக்கம். ஸ்பீட் 105. ஒரு பெரிய ரக்கைத் தாண்டேக்க ரெயிலர் ஆடத் தொடங்கினது. வால் காணாத பட்டம் குத்துமே, அப்பிடி. மாமா பிரேக்கை அமத்த ஆட்டம் கூடிப்போச்சு. பிறகு பயத்தில பிரேக், அக்ஸிலேற்றர் இரண்டிலயும் இருந்து காலை எடுத்திட்டார். அதுதான் எங்களைக் காப்பாத்தினது. பின்சீற்றில மச்சாளும் அவவின்ர இரண்டு வயதுப் பிள்ளையும். பிள்ளை நித்திரை, எழும்பவே இல்லை.

நான் பி.கொம் படிக்கிறவன், இஞ்சினியர் இல்லை. ஆனா விசயம் தராசுக்கணக்குத்தான். கொரோலா மாதிரிக் காரில எஞ்சின் முன்னுக்கு. பாரத்தில கிட்டத்தட்ட 60 வீதம் முன் ரயரில. பின்பக்கமா ஏத்தினால் அந்தப் பாரத்தின்ர நடு ஏறக்குறைய அரை மீற்றர் பின்னுக்குப் போயிடும். ரெயிலரும் சாமானும் சேர்ந்த மொத்த எடையில 10 முதல் 15 வீதம் கொழுவியில அழுத்தவேணும். எங்கட கார் ஒரு 1,300 கிலோ, ரெயிலர் ஒரு 1,000 கிலோ. அப்ப குறைஞ்சது 230 கிலோ. அது குறைஞ்சால் வேகத்தில வால் தன்பாட்டுக்கு ஆடும். ஆடினால் பிரேக் அடிக்கக்கூடாது, ஸ்ரியறிங்கை வெட்டக்கூடாது, நேரப் பிடிச்சுக்கொண்டு அக்ஸிலேற்றரை விடவேணும். இவ்வளவுதான். இதைச் சொல்ல மூண்டு நிமிசம் காணும், இன்சூரன்ஸ் விக்கிற நேரம்.

"எல்லாம் ஸ்ரிக்கரில எழுதியிருக்குத்தானே" எண்டு வருவினம். ஓம், எழுதியிருக்கு. காரை முன்பக்கமா ஏத்து, 55 மைலுக்கு மேல ஓடாதே எண்டு மட்கார்டில ஒட்டியிருக்கு. கிலோமீற்றரில 88. காசு தாற விசயத்தை வாயால மூண்டுதரம் கேக்கிறவை, உயிர் போற விசயத்தை மட்கார்டில ஒட்டிவிடுறது ஏன்? எங்கட கொஸ்ற் அக்கவுண்டிங் வகுப்பில இதுக்கு விடை இருக்கு. ரெயிலர் உடைஞ்சால் செலவு கடைக்கு. பக்கத்து லேனில போறவன் செத்தால் அந்தச் செலவு கடைக்கணக்கில ஏறாது.

அரசாங்கம் மட்டும் திறமோ? ஒன்ராறியோவில சாதாரண ஜி லைசென்ஸ் இருந்தால் 4,600 கிலோ வரை இழுக்கலாம். ரோட் ரெஸ்ற்றில ரெயிலரைக் கண்ணாலயும் காட்டமாட்டினம். பிரித்தானியாவில 1997க்குப் பிறகு லைசென்ஸ் எடுத்தவைக்குப் பெரிய ரெயிலர் இழுக்கத் தனிச் சோதனை இருந்தது. லொறி ஓட ஆள் காணாதெண்டு, சோதிக்கிற ஆக்களை அந்தப்பக்கம் அனுப்ப 2021 டிசம்பரில அதையும் தூக்கிப்போட்டினம்.

நான் கேக்கிறது பெரிய விசயம் இல்லை. கடை முற்றத்தில கொழுவிப் பாரம் நிறுக்கிற ஒரு தராசு. சங்கிலியைக் குறுக்காப் போட்டு, கொழுவியைப் பூட்டி, ஆள் தானே ஒருதரம் செய்துகாட்டினாப் பிறகுதான் கேற் திறக்கவேணும். வாடகை ஐஞ்சு டொலர் கூடுமெண்டால் கூடட்டும். நானும் பகுதிநேரச் சம்பளக்காரன்தான், குடுப்பன்.

அடுத்த எக்சிற்றில இறங்கி, ஒரு கடையின்ர பார்க்கிங்கில காரை இறக்கித் திருப்பி ஏத்தினம். ஸ்ராப்பைத் திரும்ப இறுக்கினம். மிச்சம் முழுக்க 85 தான். பின்னால வந்தவன் எல்லாம் ஹோர்ன் அடிச்சான். "இருபது வருசமா ஓடுறன்" எண்டு ஒரு நாளைக்குப் பத்துத்தரம் சொல்லுற மாமா, ஒட்டாவா மட்டும் வாய் திறக்கேல்ல.

அடுத்தநாள் ரெயிலரைத் திருப்பிக் குடுத்தம். அங்க கவுண்டரில இருந்தவ கேட்ட ஒரே கேள்வி: "எங்கயாவது கீறல் பட்டிருக்கோ?"