பிள்ளை முகத்தில் உங்கள் க்ரீம் வேண்டாம்

பள்ளி விடும் நேரத்தில் ஸ்கூட்டியில் வரும் அம்மாக்களைப் பாருங்கள். கண்ணை மட்டும் விட்டுவிட்டு முகம் முழுக்கத் துப்பட்டா சுற்றியிருக்கும். முழங்கைக்கு மேல் வரை கையுறை. அவர்களுக்கு முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு யூ.கே.ஜி. படிக்கும் பிள்ளை நின்றுகொண்டு வரும். தலையில் தொப்பி கிடையாது, ஹெல்மெட்டும் கிடையாது. மூன்றரை மணி வெயில் நேராக அதன் கன்னத்தில் அடிக்கும். வெயில் உங்களுக்கு ஆகாது என்று தெரிந்திருக்கிறதே, பிள்ளைக்கு மட்டும் ஆகுமா?

நானும் பிள்ளை பெற்றவள்தான். நாற்பது தாண்டிய பிறகு கண்ணோரத்தில் விழும் கோடு எனக்கும் கவலை தருகிறது. முகம் இளமையாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. என் கோபமெல்லாம் இந்தக் கவலையை நாம் வீட்டில் எப்படிக் கையாள்கிறோம் என்பதில்தான். ஐம்பது வயதில் நம் பிள்ளைகளின் முகம் எப்படி இருக்கும் என்பதில் ஒரு பங்கு இப்போதே, நம் கண்முன்னால் முடிவாகிக்கொண்டிருக்கிறது. செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுகிறோம். செய்யவே கூடாததைக் காசு கொடுத்து வாங்கிச் செய்கிறோம்.

முகம் மூப்படைவதற்கு வயது ஒரு காரணம், வெயில் இன்னொரு காரணம். கண்ணில் படுகிற மாற்றங்களில் வெயிலின் பங்குதான் பெரிது. சந்தேகம் இருந்தால் உங்கள் உள்ளங்கைப் பக்கத்து முன்கையையும் வெளிப்பக்கத்து முன்கையையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயது. 2012-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு லாரி ஓட்டுநரின் படம் வந்தது. வயது 69, 28 ஆண்டு வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தடித்து, வரிவரியாகச் சுருங்கித் தொங்கியது. வலது கன்னம் பத்து இருபது வயது குறைந்தவருடையதைப் போல இருந்தது. ஒரே மனிதர், ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம். ஜன்னல் கண்ணாடி வழியாக வந்த யு.வி.ஏ. என்ற புற ஊதாக் கதிர்தான் வித்தியாசம். தோலைக் கன்றச் செய்கிற யு.வி.பி. கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும், யு.வி.ஏ.வை முழுக்கத் தடுக்காது. அது தோலின் உள்ளடுக்கு வரை போய், தோலை இழுத்துப் பிடித்திருக்கும் கொலாஜன் நாரை அறுக்கிறது. பள்ளி வேனில் தினமும் அதே ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து போகிற பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பூசினால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை வைத்து நாலரை ஆண்டு பார்த்தார்கள். ஒரு பகுதியினர் தினமும் தவறாமல் சன்ஸ்கிரீன் பூசினார்கள். மற்றவர்கள் தோன்றும்போது பூசிக்கொண்டார்கள். புறங்கைத் தோலை அச்செடுத்துப் பார்த்ததில், தினமும் பூசியவர்களின் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவாக இருந்தது. 2013-ல் வெளியான முடிவு இது. அவர்கள் பூசியது சாதாரண எஸ்.பி.எஃப். 15. ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் எத்தனை சீரத்துக்குப் பின்னால் இப்படி ஒரு சோதனை இருக்கிறது?

நம் ஊர் வெயில் ஆஸ்திரேலிய வெயிலுக்கு இளைத்ததில்லை. கோடையில் நடுப்பகலில் இங்கே புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். 11-ஐத் தாண்டினால் உச்சகட்ட அபாயம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நிறத்தில் இருக்கும் மெலனின் நமக்கு ஓரளவு பாதுகாப்புதான், அதனால் சுருக்கம் தாமதமாக விழுகிறது. ஆனால் நமக்கு மூப்பு வேறு முகத்தோடு வருகிறது: கன்னத்தில் மங்கு, நெற்றியில் கருமை, திட்டுத் திட்டாக நிறமாற்றம். முப்பத்தைந்து வயதில் மங்கு விழுந்த பிறகு எந்த க்ரீமும் அதை முழுக்க அழித்துவிடாது. அடங்கினாலும் அடுத்த கோடையில் திரும்பி வரும்.

இதைச் சொன்னால் சில வீடுகளில் அடுத்த நிமிடமே பெண் குழந்தையை விளையாட்டிலிருந்து நிறுத்திவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். “வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே” என்று எத்தனை பெண்களின் கோ-கோவும் கபடியும் பத்து வயதோடு முடிந்துபோயிருக்கின்றன! வெயிலைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதெல்லாம் நிறத்தைப் பற்றித்தான், தோலின் ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் பையனுக்குத் தொப்பி கூட இல்லை. அவன் கறுத்தால் பரவாயில்லையாம். பையன் தோலிலும் அதே கொலாஜன்தான் இருக்கிறது. கறுப்பு ஒரு நோய் இல்லை, மெலனின் கெட்ட பொருளும் இல்லை. பிள்ளை ஆடட்டும். காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பிறகும் ஆடட்டும். நிழல் ஆளைவிடக் குட்டையாக விழும் நேரத்தில் மரத்தடிக்கு வரட்டும். சுற்றிலும் விளிம்புள்ள துணித் தொப்பி ஒன்று போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் எஸ்.பி.எஃப். 30, கூடவே யு.வி.ஏ.வுக்காக பி.ஏ. குறியும் உள்ள சன்ஸ்கிரீன் போதும். பெரியவர்களுக்கு இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசவேண்டும். பொட்டு வைப்பது போல் வைத்தால் வேலை செய்யாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குப் பூச்சு வேண்டாம், நிழல் போதும். வைட்டமின் டி பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கை கால்களில் கொஞ்ச நேரம் வெயில் பட விடுங்கள். முகத்தைக் காட்டவேண்டிய அவசியம் இல்லை. பள்ளிக் கூட்டங்களில் மார்க்கைப் பற்றி மட்டும் கேட்கிறோமே, பிரேயரையும் பி.டி. வகுப்பையும் உச்சி வெயிலில் ஏன் வைக்கிறீர்கள் என்று ஒருவராவது எழுந்து கேட்டிருக்கிறோமா?

இனி குளியலறை அலமாரிக்கு வருகிறேன். அம்மா வாங்கி வைத்த ரெட்டினால் சீரத்தை ஏழாம் வகுப்புப் பெண் எடுத்துப் பூசுகிறாள். ரீல்ஸில் பார்த்திருக்கிறாள். பார்த்தும் நீங்கள் ஒன்றும் சொல்வதில்லை. “ஏதோ ஆசைப்படறா” என்று விட்டுவிடுகிறீர்கள். ரெட்டினால் வகை மருந்துகள் பெரியவர்களுக்குப் பலன் தருபவைதான், அதை மறுக்கவில்லை. பருவுக்காக இதே வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின் பூசிய நடுவயதுப் பெண்கள் சுருக்கம் குறைந்திருப்பதாகச் சொன்னதைக் கேட்டு, 1980களில் அதை ஆராய்ந்து நிரூபித்தார்கள். வயதானால் தோல் தன்னை மெதுவாகத்தான் புதுப்பித்துக்கொள்ளும், அந்த வேலையை இது விரைவுபடுத்துகிறது. பன்னிரண்டு வயதுத் தோல் தானாகவே வேகமாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு இதில் என்ன வேலை? எரிச்சல், சிவப்பு, தோல் உரிதல், வெயில் பட்டால் முன்னைவிட அதிகப் பாதிப்பு, இவைதான் மிச்சம். க்ளைகோலிக் அமிலம் முதலான பீலிங் சீரங்களும் அப்படியே. ஸ்வீடனில் ஒரு பெரிய மருந்துக்கடைக் குழுமம் இந்த வகைப் பொருட்களை 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் விற்பதை 2024-ல் நிறுத்திவிட்டது. கடைக்காரருக்கு வந்த பொறுப்பு நமக்கு வரவேண்டாமா? பருவுக்காகத் தோல் மருத்துவர் பார்த்து எழுதித் தருவது வேறு விஷயம். அவர் அளவு சொல்லித் தருவார்.

நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ, கர்ப்பத்துக்குத் திட்டமிட்டிருந்தாலோ ரெட்டினால் உங்களுக்கும் வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. அங்கே நடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அம்மாவும் பெண்ணும் வருகிறார்கள். “முகம் பளிச்சுனு ஆகறதுக்கு ஒரு ட்யூப் குடுங்கண்ணே, பக்கத்து வீட்ல போட்டாங்க, நல்லா கேக்குதாம்” என்கிறார் அம்மா. கடைப்பையன் சீட்டு கேட்பதில்லை. கைக்கடக்கமான ஒரு அலுமினிய ட்யூபை எடுத்துத் தருகிறான். பெட்டியில் பொடி எழுத்தில் மூன்று பெயர்கள்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். மூன்றாவது ஸ்டீராய்டு. மங்குக்காக, மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் போடவேண்டிய மருந்து அது. அதை மாதக்கணக்கில் நைட் க்ரீமாகப் பூசுகிறார்கள்.

முதல் பத்து நாளில் முகம் நிஜமாகவே பளபளக்கும். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கி, அழற்சியை அமுக்கி, நிறத்தையும் குறைப்பதால் வரும் பளபளப்பு அது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பிறகு தோல் மெலிய ஆரம்பிக்கும். கன்னத்தில் ரத்தக் குழாய்கள் சிவப்பாகக் கோடு கோடாகத் தெரியும். பரு பொங்கும். பெண் பிள்ளைக்குத் தாடையில் பூனை முடி வளரும். பயந்துபோய் நிறுத்தினால் முகம் தீயாய் எரிந்து சிவக்கும், மறுபடி பூசினால்தான் அடங்கும். இளமைக்காகப் பூசிய தோல் இருபத்தைந்து வயதில் அறுபது வயதுத் தோலைப் போல் மெலிந்துபோகிறது. தோல் மருத்துவர்கள் இதற்கு ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்றே பெயர் வைத்து, பல ஆண்டுகளாகக் கரடியாய்க் கத்திக்கொண்டிருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு பூச்சுகள் பலவற்றை மருந்துச் சீட்டு கட்டாயமான பட்டியலுக்குக் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது. சீட்டு இல்லாமல் கேட்பது நாம்தான்.

ஊர் பேர் இல்லாத ‘வொயிட்னிங்’ டப்பாக்கள் இன்னும் மோசம். பலவற்றில் பாதரசம் இருக்கிறது. கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அதில் அபூர்வமான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறது. அதே 2023-ல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடை கடையாகச் சோதனை போட்டது. தயாரித்தவர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத டப்பா உங்கள் வீட்டில் இருந்தால், அது வளைகுடாவிலிருந்து மைத்துனர் அன்பாகக் கொண்டுவந்ததாக இருந்தாலும், பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. வாசலில் நின்று சிகரெட் பிடித்துவிட்டு உள்ளே வந்து, “என்ன இப்படி வயசாயிட்ட மாதிரி இருக்க” என்று மனைவியைக் கேட்காதீர்கள். புகை உதட்டைச் சுற்றிச் சுருக்கத்தையும் முகத்தில் சாம்பல் நிறத்தையும் கொண்டுவருவது பல காலமாகத் தெரிந்த விஷயம். பிடிப்பவர் முகத்தைத்தான் அது முதலில் கெடுக்கும். அம்மாக்களே, கண்ணாடி முன் நின்று “கிழவியாயிட்டேன்” என்று அலுத்துக்கொள்ளும்போது பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். வயதாவது அவமானம் என்று பத்து வயதுப் பெண் அங்கேதான் கற்றுக்கொள்கிறாள். ரீல்ஸைத் திட்டுவதற்கு முன் நம் வாயைக் கட்டுவோம்.

உங்கள் முகத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், கொஞ்சம்தான் இருக்கிறது. காலையில் சன்ஸ்கிரீன், குளித்ததும் ஈரப்பதம் காக்கும் ஒரு எளிய பூச்சு, தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டு இரவில் ரெட்டினால், போதுமான தூக்கம். தங்க ஃபேஷியலுக்குக் கொடுக்கும் பணத்தில் வீட்டில் எல்லோருக்கும் தொப்பி வாங்கலாம்.

இன்றைக்கே அலமாரியைத் திறந்து ஒவ்வொரு ட்யூபின் பின்பக்கத்தையும் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் எழுதித் தராமல் வாங்கியது என்றால் பிள்ளை முகத்துக்குப் போகக் கூடாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசியிருந்தால் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம், யூடியூப் பார்த்து மாற்று க்ரீம் தேடவும் வேண்டாம். எப்படிப் படிப்படியாக விடுவது என்று தோல் மருத்துவரால்தான் சொல்லமுடியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது. அந்த ட்யூபையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.