நாகையைக் கெடுத்தது சங்கமா?

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரிலிருந்து கரையோரமாகத் தெற்கே வந்தால் தரங்கம்பாடி, காரைக்கால், அப்புறம் நாகப்பட்டினம். எல்லாமே ஒரு காலத்தில் கொடி கட்டிப் பறந்த துறைகள். பூம்புகாருக்கு வந்த கேட்டைக் கடலின் மேல் போட்டாயிற்று. தரங்கம்பாடியை டேனிஷ்காரர் 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினர். நாகை விஷயத்தில்தான் வழக்கு இன்னும் தீரவில்லை. சங்கம் வைத்தார்கள், ஸ்டிரைக் செய்தார்கள், ரயில்வே பட்டறை பொன்மலைக்குப் போய்விட்டது என்று தொழிலாளி தலையில் பழியைக் கட்டிவிடுவோர் உண்டு.

வருஷங்களைப் புரட்டிப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

தஞ்சைத் தரணியின் ரயில் பாதை நாகையில்தான் பிறந்தது. 1861-ல் தஞ்சாவூர் வரை, 1862-ல் திருச்சிராப்பள்ளி வரை. தலைமை அலுவலகமும் முதலில் இங்கேதான். பிற்பாடு அது திருச்சிக்குப் போயிற்று. பட்டறை மட்டும் மிஞ்சியது. இருப்பினும் அது போதும். பட்டறைச் சம்பளம் கடைத்தெருவுக்கு வந்துகொண்டிருந்த வரையில் ஊருக்குக் குறைவில்லை.

1920-களில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி கணக்குப் போட்டது. சொத்து சர்க்காருடையது, நிர்வாகம் லண்டன் கம்பெனியுடையது. நாகை பாதையின் ஒரு கோடி. திருச்சியோ பல பாதைகள் கூடும் சந்திப்பு. நாகையில் ஒன்று, போத்தனூரில் ஒன்று என்று பட்டறை நடத்துவானேன், எல்லாவற்றையும் பொன்மலையில் ஒன்றாக்கினால் செலவு மிச்சம் என்று முடிவாயிற்று. 1926-லேயே அங்கே வேலை தொடங்கிவிட்டது. அதோடு ஆட்குறைப்பும் வந்தது. இருபது வருஷம் சம்மட்டி பிடித்தவனைக் கூட்டி வைத்துக் கைத்திறன் பரீட்சை! தேறாதவன் வீட்டுக்குப் போகலாம்.

அதன் பிறகுதான் 1928 ஸ்டிரைக். ஜூன் மாதம் பட்டறைகளில் மூண்டது; ஜூலை 20-ல் ரயில் பாதை முழுவதும் பரவியது. பத்தே நாளில் முறிந்தது. சிங்காரவேலருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் பத்தாண்டுச் சிறை விதித்தார்கள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆக, பட்டறையை மாற்ற முடிவு செய்தது முன்னே, சங்கம் எதிர்த்தது பின்னே.

பொன்மலையைப் பாருங்கள். அங்கே சங்கம் இல்லையா? 1946 செப்டம்பர் 5-ந் தேதி துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளிகள் மாண்ட இடம் அது. சங்கத்தால் ஊர் கெடும் என்றால் முதலில் பொன்மலையல்லவா கெட்டிருக்க வேண்டும்? இன்றைக்கும் அங்கே பட்டறை நடக்கிறது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினே செய்து கொடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரம் 2013-ல் திவாலானபோதும் இதே பல்லவிதான். நகரசபை ஊழியர் சங்கமும் பென்ஷனும் விழுங்கிவிட்டன என்றார்கள். 1950-ல் பதினெட்டரை லட்சம் பேர் வாழ்ந்த ஊர், ஏழு லட்சமாகச் சுருங்கியிருந்தது. மோட்டார் தொழிற்சாலைகள் வெளியேறத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. வரி கொடுக்க ஆள் குறைந்துவிட்ட ஊரில் பென்ஷன் பாரமாகத்தான் தெரியும்.

சங்கங்கள் எல்லாம் மாசற்றவை என்று சொல்வதற்கில்லை. டெல்டாவின் நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டைக்கு இவ்வளவு என்று விவசாயியிடம் கை நீட்டுகிறார்கள் என்ற புகார் அறுவடைக்கு அறுவடை எழுகிறது. அதைத் தட்டிக் கேட்க வேண்டிய முதல் ஆள் சங்கம்தான். கூலி உயர்வுக்குக் கொடி பிடிப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் நாக்கு எழாதது ஏனோ! ஊரார் சங்கத்தை விட்டு விலகுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பட்டறை போன பிறகும் நாகைக்குக் கப்பல் இருந்தது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ‘ரஜூலா’ ஓடியது. அதன் பிறகு சர்க்கார் நிறுவனத்தின் ‘சிதம்பரம்’. 1985-ல் அந்தக் கப்பலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. பயணிகள் போக்குவரத்து அதோடு நின்றது. அதையும் சங்கத்தின் கணக்கில் எழுத முடியாது.

2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி புறப்பட்டது. இந்த முறையாவது கப்பலிலும் துறைமுகத்திலும் நாகைக்காரர் எத்தனை பேருக்கு வேலை என்ற கேள்வியை ஊரும் சங்கமும் சேர்ந்தே கேட்கட்டும்.