பந்தயம் கட்டாத பந்தயம்

தமிழில் ‘பந்தயம்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஓடி ஜெயிப்பதும் பந்தயம்தான், பணத்தை வைத்துச் சூதாடுவதும் பந்தயம்தான். ராத்திரி ஒன்பது மணிக்குப் பையன் கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, “இன்னிக்கு ரேஸ் இருக்கும்மா” என்றால், அம்மாவின் வயிற்றில் புளியைக் கரைப்பது இரண்டாவது அர்த்தம். ஆன்லைன் ரம்மியில் குடும்பங்கள் சீரழிந்த கதைகளைக் கேட்டவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதே.

ஆனால், சிம் ரேஸிங் முதல் வகையைச் சேர்ந்தது. விமானிகள் சிமுலேட்டரில் பயிற்சி எடுப்பதைப்போல, காரின் எடை, டயரின் பிடிப்பு, பாதையின் மேடுபள்ளம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் காட்டும். அவரவர் வீட்டில் இருந்தபடியே இருபது பேர் ஒரே பாதையில் ஓட்டலாம். 2021-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி நடத்திய மெய்நிகர் போட்டித் தொடரில் கார் பந்தயமும் இருந்தது. 2022 டிசம்பரில் இந்திய அரசு மின்விளையாட்டை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது.

இதில் தனி ருசி, பழைய கார்களுக்கான சாம்பியன்ஷிப். உதாரணத்துக்கு, லோட்டஸ் 49. 1967 ஜூன் 4-ம் தேதி, நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட்டில், களமிறங்கிய முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் அதை ஜெயிக்க வைத்தார். காரை அழுத்திப் பிடிக்கும் இறக்கைகள் அப்போது கிடையாது, மின்னணு உதவி எதுவும் கிடையாது. 2014-ல் வெளிவந்த ‘அசெட்டோ கோர்சா’ என்ற இத்தாலிய சிமுலேட்டரில் இந்தக் காரை இன்றும் ஓட்டலாம். வளைவில் அவசரப்பட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் சுழன்றுவிடும். பொறுமை இல்லாதவர் புல்வெளியில்தான் நிற்பார். நிஜத்தில் 1969-க்குப் பிறகு பந்தயமே நடக்காத மோன்சாவின் சாய்வு வளைவுகளும் அதில் உயிரோடு இருக்கின்றன.

தமிழ்நாட்டுக்குக் கார் பந்தயம் புதிதல்ல. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதை வந்தது. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயமே நடந்தது. அங்கிருந்து கூவத்தைத் தாண்டினால் ஓமந்தூரார் அரசினர் தோட்டம். அந்தப் பெயருக்குக் காரணமானவர், திண்டிவனம் அருகே உள்ள ஓமந்தூரில் பிறந்த ஓ.பி.ராமசாமி ரெட்டியார்.

அதே ஓமந்தூரில் இன்று ரேஸ் ஆசையுள்ள ஓர் இளைஞருக்கு நிஜப் பாதை எட்டாத உயரம். கார், டயர், மெக்கானிக் என்று லட்சங்கள் கரையும். சிம் ரேஸிங்குக்கோ சுமாரான கம்ப்யூட்டரும், கால் லட்சத்தையொட்டிய விலையில் ஸ்டீயரிங்–பெடல் செட்டும், நிலையான இணையமும் போதும். ஓட்டுவது மட்டுமல்ல, சாம்பியன்ஷிப்பையே ஊரிலிருந்து நடத்தலாம். ஆனால், அதை நடத்துவது ஓட்டுவதைவிடக் கஷ்டம்.

முதல் வேலை, எல்லோரையும் சமமாக்குவது. ஒரே கார், ஒரே செட்டிங் என்று பூட்டிவிட்டால், டயர் அழுத்தமும் கியர் விகிதமும் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் லாபம் போய்விடும். அடுத்தது, சர்வர். மும்பையிலோ சென்னையிலோ இருக்கும் சர்வரை வாடகைக்கு எடுப்பது நல்லது. 180 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 50 மீட்டர் கடக்கும். இணையம் 0.2 விநாடி தாமதித்தாலே கார் 10 மீட்டர் தள்ளித் தெரியும். இரண்டு கார் நீளத்துக்கும் மேலான பிசகு! பக்கத்தில் வந்து இடித்தவர் மேல் தப்பே இருக்காது, இணையத்தின் மேல்தான் தப்பு. அதனால் தாமத அளவுக்கு ஓர் உச்சவரம்பை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும்.

புள்ளிகளுக்கு 1967-ம் ஆண்டு முறையையே எடுத்துக்கொள்ளலாம். முதல் ஆறு இடங்களுக்கு 9, 6, 4, 3, 2, 1. மொத்தம் 11 பந்தயங்கள். முதல் ஆறில் சிறந்த ஐந்தும், அடுத்த ஐந்தில் சிறந்த நான்கும்தான் கணக்கு. அந்த வருஷம் நான்கு பந்தயங்களை ஜெயித்த கிளார்க் மூன்றாவது இடம்தான். இரண்டை மட்டும் ஜெயித்து, மற்றவற்றில் நிதானமாகப் புள்ளி சேர்த்த டென்னி ஹல்ம் சாம்பியன். இரண்டு பந்தயங்களை விட்டுத்தள்ளலாம் என்ற இந்த விதி, கிராமத்துப் போட்டியாளருக்கு வரப்பிரசாதம். கரன்ட் போன ராத்திரியும் செமஸ்டர் பரீட்சை வாரமும் அதில் அடங்கிவிடும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் போட்டி உடைவது ஓரிடத்தில்தான். முதல் வளைவில் யாரோ யாரையோ இடிப்பார்கள். “அவன்தான் இடிச்சான்” என்று குரூப்பில் சண்டை தொடங்கும். இதற்கு மருந்து, எழுதிவைத்த விதி. பந்தயம் முடிந்த உடனே புகார் வாங்கக் கூடாது. கோபம் ஆறட்டும், மறுநாள் எழுத்தில் வரட்டும். பதிவான காட்சியை மூன்று பேர் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். அந்த மோதலில் சம்பந்தப்பட்டவர் அதில் உட்காரக் கூடாது. தண்டனையும் காரணமும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

நண்பனுக்கு ஒரு சட்டம், புதியவனுக்கு ஒரு சட்டம் என்றால் மூன்றாவது வாரம் சர்வர் காலியாகிவிடும். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓமந்தூரார், சொந்தக் கட்சி எம்.எல்.ஏ-க்களின் சிபாரிசுக்கே வளையாதவர். அதற்கு விலையாகப் பதவியையே இழந்தார். போட்டி நடத்துகிறவருக்கு வேண்டியது அந்தப் பிடிவாதம்தான்.

பண விஷயத்திலும் அதே கறார் வேண்டும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்த 2025-ம் ஆண்டு மத்தியச் சட்டம், மின்விளையாட்டைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. அதற்கு முறையான பதிவு உண்டு, பந்தயம் கட்டுவதற்கு அதிலும் இடமில்லை. அதனால் கட்டணமும் பரிசுப் பணமும் வைக்க நினைப்பவர்கள் பதிவு விதிகளை முதலில் படிப்பது நல்லது. புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கட்டணமே இல்லாத போட்டியும் ஒரு சின்னக் கோப்பையும் போதும். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் வாரத்துக்கு ஒரே பந்தயம், அதுவும் சனிக்கிழமை. பயிற்சி, தகுதிச்சுற்று, பந்தயம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். அந்த அட்டவணையைப் பெற்றோருக்கும் அனுப்பிவிட வேண்டும்.

எட்டுப் பேர், ஒரே கார், நான்கு பந்தயங்கள் என்று சிறிதாகத் தொடங்கலாம். கடைசிப் பந்தயம் முடியும்போது அந்த எட்டுப் பேரும் இருந்தால், அடுத்த சீசனுக்குப் பதினாறு பேர் தாமாக வருவார்கள்.