குறை சொல்ல ஆள் தேவை

அம்பத்தூர் எஸ்டேட்டுல லேத் பட்டறை வேலை பாக்குற என் தங்கச்சி மகன், கையில பிடிச்சு ஓட்டுற சிஎன்சி ரௌட்டர் ஒண்ணு சொந்தமா செஞ்சிருக்கான். நம்ம கை தடுமாறினாலும் உள்ள இருக்கிற மோட்டார் பிட்டை நகர்த்தி, கோட்டுலயே வெட்டும். 2012-ல எம்ஐடி மாணவர்கள் அலெக் ரிவர்ஸும் இலன் மோயரும் காட்டுன வழி.

"ஓட்டிப் பாக்க பத்துப் பேர் வேணும் மாமா. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சூப்பர்னு சொல்லிட்டாங்க"ன்னான். எனக்குப் பயமே அந்த சூப்பர்தான். கோயம்புத்தூர் முருகானந்தம் நாப்கின் செஞ்சப்போ மருத்துவ மாணவிகள்கிட்ட கருத்துப் படிவம் கொடுத்தார். மூணு பேர் உக்காந்து எல்லாப் படிவத்தையும் நிரப்புறதைப் பாத்துட்டு, தானே கட்டிப் பார்த்தார்.

ஈர வயல்ல எந்தக் கலப்பையும் ஓடும். கரம்புல ஓடுதான்னுதான் பாக்கணும். வழுவழு ப்ளைவுட் போதாது. முடிச்சு விழுந்த வேப்பம்பலகை வேணும், பாதியில கரண்ட் போகணும், மரத்தூள் கேமராவை மறைக்கணும். சுத்துற பிட் விரலுக்குப் பக்கத்துல இருக்குங்க, விளையாட்டில்ல.

ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஆர்வம் இருக்கிறவங்க வாங்க. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோங்க. தெரிஞ்ச தச்சு ஆசாரி ஒருத்தரையும் கூட்டிட்டு வாங்க. அவர் முகஸ்துதி பண்ண மாட்டார். பாராட்டை அப்புறம் வாங்கிக்கிறோம், முதல்ல எங்க தப்புதுன்னு சொல்லுங்க.