இடிச்சா லாபமா சார்?

சென்னையில் ஒரு பழைய கட்டடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இரண்டு ரக ஆசாமிகள் உடனே ஆஜராகிவிடுவார்கள். முதல் ரகம்: ‘‘பில்டிங் ரொம்ப வீக் சார். இடிச்சுட்டு பத்து மாடி போட்டா எங்கேயோ போயிடலாம்.’’ இரண்டாவது ரகம்: ‘‘ஐயோ, எவ்ளோ அழகு! யாரும் தொடக் கூடாது. மியூசியம் ஆக்கிடணும்.’’

முதல் ஆசாமி கட்டடத்தை ஒரு வாரத்தில் கொல்கிறார். இரண்டாவது ஆசாமி முப்பது வருடம் எடுத்துக்கொள்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் காமர்ஸ் படித்தவன். கோபுரம், வளைவு, தூண் பற்றியெல்லாம் பாடம் எடுக்கிற தகுதி எனக்குக் கிடையாது. வரவு செலவு கொஞ்சம் தெரியும். அந்தக் கணக்கில் இரண்டு பேருமே ஃபெயில்!

அண்ணா சாலையின் பாரத் இன்ஷ்யூரன்ஸ் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1897-ல் டபிள்யூ.இ.ஸ்மித் என்கிற மருந்துக் கம்பெனி கட்டியது. கவனியுங்கள், அது ராஜா கட்டிய மாளிகை அல்ல. கடை நடத்த, வியாபாரம் பார்க்கக் கட்டப்பட்டது. 1934-ல் பாரத் இன்ஷ்யூரன்ஸ் வாங்கியது. இன்ஷ்யூரன்ஸ் துறை தேசியமயமானதும் எல்.ஐ.சி-யின் கைக்கு வந்தது. 2006-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். இன்டாக் அமைப்பு ஹைகோர்ட்டுக்கு ஓடியது. இடிப்பு நின்றது. 2010-ல் ‘இடிக்கக் கூடாது’ என்று தீர்ப்பும் வந்தது.

நல்ல தீர்ப்பு. சரி, அப்புறம்? தீர்ப்புக்குப் பிறகும் வருடக்கணக்கில் அந்தக் கட்டடம் பாதி உடைந்து, செடி முளைத்து, பூட்டியே கிடந்தது. ‘என்ன செய்யக் கூடாது’ என்பதற்கு கோர்ட் பதில் சொன்னது. ‘என்ன செய்யலாம்’ என்பதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊரிலேயே விலை உயர்ந்த சாலைகளில் ஒன்றில், மெட்ரோ ரயில் வந்து நிற்கிற தூரத்தில் இருக்கிற சொத்து. வாடகை வரவு: பூஜ்யம். ஒரு தனியார் முதலாளி இப்படிச் சொத்தைப் போட்டுவைத்திருந்தால், பங்குதாரர்கள் சும்மா விடுவார்களா?

மும்பைக்குப் போய்ப் பாருங்கள். ஃப்ளோரா ஃபவுன்டன் அருகே இஸ்மாயில் பில்டிங், 1908-ம் வருடக் கட்டடம். அதில் 2017-ல் ஜாரா துணிக்கடை வந்தது. 2025-ல் காலி செய்தது. கட்டடம் அநாதையாகிவிட்டதா? உடனே இன்னொரு ஃபேஷன் நிறுவனம் மாதம் சுமார் 3 கோடி ரூபாய் வாடகைக்கு எடுத்துக்கொண்டது. ஸ்டார்பக்ஸ் 2012-ல் இந்தியாவில் தன் முதல் கடையை எங்கே திறந்தது? ஏதோ கண்ணாடி மாலில் அல்ல. ஹார்னிமன் சர்க்கிளில், பழைய எல்ஃபின்ஸ்டன் பில்டிங்கில்! மும்பையில் 1995-லேயே பாரம்பரியக் கட்டடங்களுக்குத் தனி விதிமுறை வந்துவிட்டது. இங்கே 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, அதை நடைமுறைக்குக் கொண்டுவரவே பத்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டோம்.

‘‘அது பம்பாய் சார், அங்கே பணம் புரளுது’’ என்பீர்கள். நம்ம ஊருக்கே வருவோம். ஹிக்கின்பாதம்ஸ், 1904-ல் கட்டிய கட்டடத்தில் புத்தகம் விற்கிறது. பாரிமுனையின் டேர் ஹவுஸ் 1940-ல் எழும்பியது. முருகப்பா குழுமத்தின் தலைமை அலுவலகம் அங்கேதான். கடற்கரைச் சாலையில் டி.ஜி.பி. அலுவலகம் 1839-ம் வருடக் கட்டடம். 1993-ல் அதையும் இடிக்கக் கிளம்பினார்கள். நல்லவேளை, வழக்குப் போட்டுக் காப்பாற்றினார்கள். பிறகு பழுதுபார்த்தார்கள். இன்றும் போலீஸ் தலைமை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

சேப்பாக்கம் கலச மஹால் இன்னும் சுவாரஸ்யம். 2012 ஜனவரியில் தீப்பிடித்து எலும்புக்கூடாக நின்றது. ‘தரைமட்டம் பண்ணிட வேண்டியதுதான்’ என்றார்கள். பொதுப்பணித்துறை சுண்ணாம்புச் சாந்தைக் கையில் எடுத்து மீட்டது. இன்று அதில் இயங்குவது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. பசுமைக்குத் தீர்ப்புச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் எது?

ஏன் பொருத்தம் என்கிறேன்? சிமென்ட் செய்ய சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். ஒரு டன் சிமென்ட்டுக்கு அரை டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போகிறது. உலகம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்ஸைடில் ஏழெட்டு சதவிகிதம் சிமென்ட் கணக்கில்தான். பழைய கட்டடத்துக்கான செங்கல் நூறு வருடத்துக்கு முன்பே சுட்டாயிற்று. பர்மா தேக்கு என்றைக்கோ கப்பலில் வந்து இறங்கியாயிற்று. அதையெல்லாம் உடைத்து பள்ளிக்கரணைப் பக்கம் கொட்டிவிட்டு, மறுபடி சிமென்ட், மறுபடி கம்பி. மேற்கு வெயிலைப் பார்த்து ஒரு கண்ணாடிச் சுவர். அந்தச் சூட்டைத் தணிக்க நாள் முழுக்க ஏ.சி. கடைசியில் வாசலில் ‘க்ரீன் பில்டிங்’ என்று ஒரு பலகை! இரண்டடிச் சுவரும் பதினைந்தடி உயரமும் தாழ்வாரமும் வைத்துக் கட்டிய மேஸ்திரி கேட்டால் சிரிப்பார்.

நம் கணக்கு முறையும் இதற்கு உடந்தை. வருமான வரிக்கு வணிகக் கட்டடத்தின் மதிப்பில் வருடம் 10 சதவிகிதம் தேய்மானம் எழுதலாம். ஐம்பது, அறுபது வருடத்தில் ஏட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது. ஏட்டில் இல்லாததை இடித்தால் நஷ்டமும் ஏட்டில் வராது. ஆகவே இடி!

அதைவிடப் பெரிய கூத்து, 1960-ம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். ரிப்பேருக்காகக் காலி செய்யச் சொன்னால், வேலை முடிந்ததும் அதே வாடகைதாரருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யச் சொன்னால் அந்தக் கட்டாயம் இல்லை. தாத்தா காலத்து வாடகையில் நாலு கடைக்காரர்களை வைத்துக்கொண்டு முழி பிதுங்கிய ஜார்ஜ் டவுன் உரிமையாளருக்குச் சட்டம் சொன்ன யோசனை என்ன? ‘பழுது பார்க்காதே அப்பா, இடித்துவிடு.’ 2019-ல் புதுச் சட்டம் அமலுக்கு வந்து அது ஒழிந்தது. அது சொல்லிக்கொடுத்த புத்தி மட்டும் போகவில்லை.

‘‘பழைய கட்டடம் தீப்பிடிக்குமே?’’ நியாயமான கேள்வி. 1983-ல் ஸ்பென்சர், 1985-ல் மூர் மார்க்கெட், 2014-ல் ராஜாஜி சாலை ஸ்டேட் பேங்க் கட்டடம் என்று எரிந்த பட்டியல் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், முதல் செலவு பெயின்ட்டுக்கு அல்ல. ஒயரிங்குக்கு, அவசர வழிக்கு, தண்ணீர்க் குழாய்க்கு. அடுத்து, மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்தரம் சுவருக்குள் போகிற முனையைப் பாருங்கள். கரையானும் ஈரமும் அங்கேதான் முதலில் வேலையைக் காட்டும். கெட்டதை மட்டும் மாற்றினால் போதும். சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். உள்ளே போன ஈரம் வெளியே வர முடியாமல் செங்கல் உப்புப் பூத்து உதிரும். ஃபால்ஸ் சீலிங் போட்டு உயரத்தை மூடிவிட்டு, ‘ஒரே புழுக்கம்’ என்று புலம்பாதீர்கள்.

எல்லாப் பழைய கட்டடமும் புனிதம் என்று சொல்ல வரவில்லை. உயிருக்கு ஆபத்து என்று நேர்மையான ஒரு இன்ஜினீயர் எழுதிக் கொடுத்தால் இறக்கிவிடுங்கள். ஆனால், மழைத்தண்ணீர்க் குழாயை அடைத்து வைத்து, மாடியில் அரசங்கன்றை வளரவிட்டு, அப்புறம் ‘பில்டிங் வீக்’ என்று சான்றிதழ் வாங்குகிற தந்திரம் வேண்டாம்.

உரிமையாளரை மட்டும் திட்டி என்ன பயன்? ‘இடிக்காதே’ என்று ஊருக்காக அவரிடம் கேட்கிறோம். அந்த நஷ்டத்தை ஊரும் பங்கு போட்டுக்கொள்ளணும் இல்லையா? மேலே கட்ட முடியாமல் போன சதுர அடியை வேறு இடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ மும்பை வழி செய்திருக்கிறது. இங்கேயும் அது கையில் காசாக வந்து சேரும்படி எளிமையாக்குங்கள். கடையோ ஆபீஸோ நடத்திக்கொண்டு கட்டடத்தை ஒழுங்காகப் பராமரிப்பவருக்குச் சொத்துவரியைக் குறையுங்கள். பழுதுபார்க்க அனுமதி கேட்டால் முப்பது நாளில் பதில் சொல்லுங்கள். அரசு நிறுவனங்கள் தாங்கள் பூட்டி வைத்திருக்கிற கட்டடங்களைப் பழுதுபார்க்கிற நிபந்தனையோடு நீண்ட கால டெண்டர் விடட்டும். ஜவுளிக்கடை வரட்டும், காபிக்கடை வரட்டும், ஆடிட்டர் ஆபீஸ் வரட்டும். வாடகை வருகிற கட்டடத்தில்தான் ஒழுகுகிற கூரையைப் பார்க்க ஆள் வருவான்.

டெண்டரை எல்.ஐ.சி-யிலிருந்தே தொடங்கலாம். நாட்டுக்கே பாலிசி விற்கிற நிறுவனம். 1897-ல் பிறந்த தன் சொந்தக் கட்டடத்துக்கு இன்னும் ஒரு நூறு வருட ஆயுளுக்கு ஏற்பாடு செய்ய முடியாதா என்ன?