குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கோரும் மனு

அனுப்புநர்
பெற்றோர் சங்கத்தினர்,
பண்ணைப்புரம் பேரூராட்சி,
உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தேனி.

பொருள்: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோர், பாட்டிமார், அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் செய்முறை முதலுதவிப் பயிற்சி அளிக்கக் கோருதல் – தொடர்பாக.



தேவாரத்துக்கும் கோம்பைக்கும் இடையில், மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். இங்கே பொழுது விடியுமுன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்களில் பலர் கைக்குழந்தைக்காரிகள். உள்ளூரில் இருப்பவர்களுக்கோ திராட்சைத் தோட்டத்திலும் வயலிலும் வேலை. அந்தி சாயும்வரை குழந்தை அம்மாயியிடமோ அப்பத்தாவிடமோ இருக்கும். அவர்களும் இல்லாத வீட்டில் பத்து வயது அக்காவிடம் இருக்கும். ஆகவே, பெற்றோருக்கு முதலுதவிப் பயிற்சி வேண்டும் என்று நாங்கள் கேட்கும்போது, தாய் தகப்பனை மட்டும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. ஆபத்து நேரும்போது குழந்தை யார் மடியில் இருக்கிறதோ அவருக்குப் பயிற்சி வேண்டும் என்பதே இந்த மனுவின் சாரம்.

2008ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. இந்த வட்டாரத்தில் அதனால் பிழைத்தவர்கள் பலர். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனால் மூச்சு முற்றிலும் நின்ற குழந்தையின் மூளை நான்கைந்து நிமிடங்களுக்குள் பாதிக்கப்படத் தொடங்கிவிடுகிறது. அடுத்த தெருவிலேயே மருத்துவமனை இருந்தாலும் அந்த நிமிடங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கழியும். கோம்பையைக் கடந்து உத்தமபாளையம் அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகவேண்டிய எங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் வீட்டில் நடந்ததை அவர்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறோம். ஒன்றரை வயதுப் பிள்ளை. தோட்டத்திலிருந்து வந்த பன்னீர் திராட்சைக் கொத்து தாம்பாளத்தில் இருந்திருக்கிறது. பிள்ளை ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டது. அழுகை இல்லை, இருமல் இல்லை, சத்தமே இல்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. அம்மாயி பதறிப்போய் விரலை விட்டுத் துழாவ, பழம் இன்னும் உள்ளே போனது. ஒருவர் தண்ணீர் புகட்டச் சொன்னார். ஒருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். இன்னொருவர் ஆட்டோவுக்கு ஓடினார். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு தம்பி பிள்ளையை வாங்கித் தன் தொடைமேல் குப்புறச் சாய்த்து, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கித் தட்டினார். சில தட்டிலேயே பழம் தெறித்து விழுந்தது. பிள்ளை அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் தெருவே மூச்சு விட்டது.

அந்தத் தம்பி இதைக் கற்றது திருப்பூரில் ஓர் ஆலையில். தொழிலாளர்களுக்குக் கொடுத்த பாதுகாப்புப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்களாம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றும், அதற்குப் பொறுப்பாக முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் வேண்டும் என்றும் விதித்தது. ஆலையில் வேலை பார்க்கும் வளர்ந்த மனிதருக்கு இந்தக் காப்பு உண்டு. வாயில் எதைப் போடுவது என்று தெரியாத பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டுக்கும் அங்கன்வாடிக்கும் அதே அக்கறை வேண்டாமா என்று கேட்கிறோம்.

இது திராட்சை விளையும் பூமி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. எங்களுக்கு அது பெருமை. ஆனால் முழுத் திராட்சை சிறுபிள்ளையின் மூச்சுக்குழலை மூடிபோட்டதுபோல் அடைத்துவிடும். ஐந்து வயதுவரை பழத்தை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொட்டையை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்ற ஒரு சொல் இந்தப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். வேர்க்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை ஆகியவற்றின் ஆபத்தும் இதே வகைதான்.

வீடுகளில் இப்போது என்ன நடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளை வாந்தியெடுத்தால் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகிறார்கள். அங்கே தொண்டைக்குள் விரலை விடுகிறார்கள், ஊதுகிறார்கள். விடாமல் அழுதால் உரம் விழுந்துவிட்டதென்று சேலையில் போட்டு உருட்டுகிறார்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுகிறார்கள். அது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாகக் கிடந்து வாட்டுகிறது. காய்ச்சலில் வெட்டு (வலிப்பு) வந்தால் கையில் இரும்புச் சாவி, பல்லுக்கிடையில் கரண்டி. சுட்ட இடத்தில் இங்க், பற்பசை, இட்லி மாவு. இதைச் செய்கிற பெரியவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. எங்களையெல்லாம் வளர்த்து ஆளாக்கியவர்கள் அவர்கள். பிள்ளை துடிக்கும்போது எதையாவது செய்தாக வேண்டும் என்று கை பரபரக்கும். சரியானதை யாரும் காட்டித் தராததால் அந்தக் கை பழைய வழியில் போகிறது. 'இதைச் செய்யாதே' என்று பலகை எழுதி வைத்தால் மட்டும் அது மாறாது. வேறு என்ன செய்வது என்பதை அந்தக் கைக்கே பழக்கித் தர வேண்டும்.

சொல்லித் தர வேண்டியதும் அதிகமில்லை. தீப்புண்ணோ கொதிநீர்ப் புண்ணோ பட்டவுடன் இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்டி, சுத்தமான துணியால் மூட வேண்டும். ஐஸ் கட்டி வைக்கக் கூடாது. வெட்டு வந்த பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனை. வாளித் தண்ணீரிலோ தொட்டியிலோ மூழ்கி மூச்சு நின்ற பிள்ளையின் வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றப் பார்ப்பது காலவிரயம். முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, பிறகு நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும். பேதியாகும் பிள்ளைக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் முழுவதையும் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துக் கரைப்பது இங்கே பரவலாக இருக்கும் தவறு.

பாம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தரையில் பாய் விரித்துப் படுக்கும் வீடுகள் இங்கே அதிகம். கட்டுவிரியன் இரவில் வரும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. விடிகாலையில் பிள்ளை வயிற்று வலி என்று அழும், இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாமல் திணறும். வீட்டில் இருப்பவர்கள் அதை அஜீரணம் என்று நினைத்துக் கசாயம் கொடுத்துக்கொண்டிருந்தால் உயிர் போய்விடும். எந்தப் பாம்பாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே: கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் அசையாமல் வைத்து, காப்பு கொலுசைக் கழற்றி, மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வது. இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, மந்திரிக்கப் போய் நேரத்தை இழக்கக் கூடாது. 2024இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக அறிவித்தது. கடிபட்டவர்களின் கணக்கு இனி அரசுக்கு வந்துசேரும். அந்தக் கணக்கில் இறப்புகள் குறைய வேண்டுமானால் வீட்டில் செய்யும் முதல் காரியம் சரியாக இருந்தாக வேண்டும்.

பூச்சிமருந்து இன்னொன்று. மிஞ்சியதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் இங்கே இருக்கிறது. பிள்ளை குடித்துவிட்டால் புளிக்கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கும் அதையே செய்கிறார்கள். வாந்தியில் வருவது மூச்சுக்குழலில் இறங்கினால் பாதிப்பு இரட்டிப்பாகும். எதையும் புகட்டாமல், நனைந்த சட்டையைக் கழற்றி, உடம்பைக் கழுவி, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

படிப்பறிவில்லாத பாட்டிமாரால் இதையெல்லாம் செய்ய முடியுமா என்று சிலர் எங்களிடமே கேட்டார்கள். 1971இல் வங்கதேச அகதிகள் எல்லையோரத்து பன்கான் முகாமில் காலராவில் மடிந்துகொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை நோயாளிகளின் உறவினர் கையில் கொடுத்து அவர்களையே புகட்டச் செய்தார். முப்பது சதவீத அளவுக்கு இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்த உறவினர்கள் செவிலியர் படிப்புப் படித்தவர்கள் அல்லர். எங்கள் அம்மாயிகளும் அப்பத்தாக்களும் அவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர்.

எனவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான பரிசீலனைக்கு வைக்கிறோம்.

முதலாவதாக, புதன்கிழமைத் தடுப்பூசி நாளைப் பயன்படுத்துங்கள். ஊசி போட்டபின் குழந்தையை அரை மணி நேரம் இருக்கச் சொல்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தில் பொம்மையை வைத்துச் செய்து காட்டி, வந்தவரையும் செய்ய வைக்கலாம். வயதுக்கேற்ப இதை அமைக்க முடியும். 14ஆம் வார ஊசிக்கு வரும்போது, பிள்ளை இன்னும் குப்புறக்கூட விழுந்திருக்காது. பால் புரையேறினால் என்ன செய்வது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதுகில் ஐந்து தட்டும் நெஞ்சில் ஐந்து அமுக்கும் எப்படி என்பதை அப்போதே காட்டிவிட வேண்டும். ஒன்பதாம் மாதம் தவழ்ந்து கண்டதை வாயில் போடும் பருவம். பொறுக்கிப் போடும் பொருள்களைப் பற்றியும், பேதிக்குக் கரைசல் கலக்கும் முறையைப் பற்றியும் சொல்லலாம். 16ஆம் மாத ஊசிக்கு வரும் பிள்ளை நடந்து அடுப்படிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போய்விடும். தீப்புண், நீரில் மூழ்குதல், வயிற்றை அமுக்கி அடைப்பை எடுத்தல் ஆகியவை அப்போது. இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், தனி நாளும் வேண்டாம்.

ஆனால் தடுப்பூசிக்குத் தாய்தான் வருவார். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அம்மாயி வரமாட்டார். ஆகவே இரண்டாவதாக, ஞாயிற்றுக்கிழமைகளிலோ மாலை ஏழு மணிக்கு மேலோ, ஜீப் திரும்பியபின், தெருவாரியாகப் பயிற்சி நடத்த வேண்டும். பகல் பதினொரு மணிக்கு மண்டபத்தில் பேனர் கட்டி, துண்டறிக்கை கொடுத்து, புகைப்படம் எடுத்து முடிகிற முகாம் எங்களுக்குப் பயன்படாது. பத்துப் பேருக்கு ஒரு பொம்மை, ஒரு பயிற்றுநர், பேச்சுத் தமிழில் விளக்கம். வந்த ஒவ்வொருவரும் தன் கையால் தட்டிப் பார்த்து, அமுக்கிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். கை பழகியது சில மாதங்களில் மறந்துவிடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி நடத்த வேண்டும். தேனி மருத்துவக் கல்லூரியின் பயிற்சி மருத்துவர்களும் 108 ஊர்தியின் மருத்துவ உதவியாளர்களும் பயிற்றுநர்களாக வரலாம்.

குழந்தை உருவப் பொம்மைகளை வாங்க மாவட்ட செஞ்சிலுவைச் சங்கக் கிளையின் உதவியைத் தாங்கள் பெற்றுத்தர வேண்டும். அதன் தலைவர் பொறுப்பில் ஆட்சியராகிய தாங்களே இருப்பதால் இதை உரிமையோடு கேட்கிறோம்.

அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளர் இருவருக்கும் சான்றிதழுடன் கூடிய பயிற்சி தேவை. இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் மையத்தில் பயிற்சி பெற்றவர் ஒருவர் இருக்க வேண்டும். மலைக்குப் போகும் ஜீப் ஓட்டுநர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் அவசரம் என்றால் முதலில் கிளம்புவது அவர்கள் வண்டிதான்.

எங்கள் கைகள் பழகினால் மட்டும் போதாது, போய்ச் சேரும் இடத்தில் மருந்தும் இருக்க வேண்டும். எங்கள் வட்டார அரசு மருத்துவ நிலையங்களில் பாம்புக்கடி நச்சுமுறி மருந்தும், தேள்கடிக்கான பிராசோசின் மாத்திரையும் இரவிலும் இருப்பு இருக்க வேண்டும். மகாராஷ்டிரத்து மகாட் வட்டாரத்தில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், செந்தேள் கடியால் மடிந்துகொண்டிருந்த பிள்ளைகளை அந்த மலிவான மாத்திரையால் காப்பாற்றிக் காட்டிச் சுமார் நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. மருந்து எங்கே இருக்கிறது, இரவில் மருத்துவர் எங்கே இருக்கிறார் என்ற விவரத்தைப் பேரூராட்சி அலுவலகத்திலும் அங்கன்வாடிகளிலும் எழுதி வைத்தால், ஒரு மருத்துவமனைக்குப் போய் அங்கிருந்து இன்னொன்றுக்கு அலைகிற நேரம் மிச்சமாகும்.

வேளாண்மைத் துறை, பூச்சிமருந்துக் கடைக்காரர்கள் மூலம் காலி டப்பாக்களைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும்.

எங்கள் பங்குக்கு, பயிற்சிக்கான இடம், விளக்கு, குடிநீர், பாய் ஆகியவற்றைச் சங்கம் ஏற்றுக்கொள்ளும். தெருத்தெருவாகப் போய்ப் பாட்டிமாரைக் கையோடு அழைத்து வருவதும் எங்கள் பொறுப்பு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீடுகளின் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியரிடம் சரிபார்த்துத் தருவோம். முதல் பயிற்சியை எந்த ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
பெற்றோர் சங்கம், பண்ணைப்புரம்.

நகல்:
மாவட்ட சுகாதார அலுவலர், தேனி.
மாவட்டத் திட்ட அலுவலர், ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள், தேனி.
முதல்வர், அரசு மருத்துவக் கல்லூரி, தேனி.
செயல் அலுவலர், பண்ணைப்புரம் பேரூராட்சி.