வலி, வித்தைக்குக் கூலி அல்ல

விரலும் தோளும் வலிக்கும்வரை வாசித்தால்தான் வயலின் கைக்கு வரும் என்ற நம்பிக்கை, கண்டியிலும் சூழவுள்ள பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, நாவலப்பிட்டி ஊர்களிலும் தமிழ் மாணவரிடையே கேள்வியின்றி நிலைத்திருக்கிறது. ‘அசுர சாதகம்’ என்ற பெயரில் அது பெருமையாகவே பேசப்படுகிறது. பிள்ளை தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் பெற்றோர் கவலைப்படுவதில்லை. சாதகம் நன்றாக நடக்கிறது என்று திருப்தி கொள்கிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது. கை வரக்கூடிய பிள்ளைகள் பலர் இரண்டு மூன்று ஆண்டில் வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அசுர சாதகம் பிறந்த இடம் குருகுலம். அங்கே சீடன் குருவின் வீட்டிலேயே இருந்தான். விடியற்காலையில் அவன் வாசித்த சரளி வரிசை கூடத்தில் இருந்த குருவின் காதில் விழுந்தது. வில் கோணினாலும் சுருதி விலகினாலும் அன்றைக்கே திருத்தம் கிடைத்தது. நெடுநேரப் பயிற்சிக்கு ஒரு காது எப்போதும் காவலிருந்தது. இன்று கண்டி மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு வகுப்பு. தெல்தோட்டையிலிருந்தோ கலஹாவிலிருந்தோ பஸ் ஏறி வரும் பிள்ளைக்கு மழைக்காலத்தில் அதுவும் தவறிப்போகும். மற்ற ஆறு நாளும் வாசிப்பு தனிமையில்தான். குருகுலத்தின் காவல் போய்விட்டது, மணிக்கணக்கு மட்டும் எஞ்சியிருக்கிறது. கை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதையே கற்றுக்கொள்ளும். சரியா பிழையா என்று அது பார்ப்பதில்லை. திருத்துவார் இல்லாமல் நாளுக்கு நான்கு மணி நேரம் வாசிக்கும் பிள்ளை, தன் பிழையையே நான்கு மணி நேரம் உருப்போடுகிறது.

இந்தப் பழைய நம்பிக்கைக்கு அண்மையில் விஞ்ஞானப் பூச்சும் கிடைத்துவிட்டது. பத்தாயிரம் மணி நேரம் பயின்றால் எவரும் வித்துவான் ஆகலாம் என்ற பேச்சு, மல்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய நூலால் பரவியது. அதற்கு மூலம், அண்டர்ஸ் எரிக்சன் மற்றிருவருடன் 1993இல் வெளியிட்ட, மேற்கு பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றிய ஆய்வு. அந்த ஆய்வு சொல்வதோ அசுர சாதகத்துக்கு நேர் எதிரானது. சிறந்த மாணவர்கள் தனியே பயின்றது சராசரியாக நாளுக்கு மூன்றரை மணி நேரம் அளவில்தான். அதையும் அவர்கள் ஒரே மூச்சில் செய்யவில்லை. இடையிடையே ஓய்வெடுத்தார்கள், மற்றவர்களைவிடக் கூடுதலாக உறங்கினார்கள். பத்தாயிரம் என்பது அவர்களுக்கு இருபது வயதாகும்போது சேர்ந்திருந்த சராசரிக் கணக்கு. அதில் வலிக்கு இடமே இல்லை.

வலிதான் தேர்ச்சியின் அடையாளம் என்றால் உலகின் இசைக்குழுக்கள் அதைக் கொண்டாட வேண்டும். நடந்தது வேறு. அமெரிக்க சிம்பனிக் குழுக்களின் கலைஞர்களிடம் எடுத்து 1988இல் வெளியான கணக்கெடுப்பில், பதிலளித்த 2,212 பேரில் 76 சதவீதத்தினர் வாசிப்பைக் கெடுக்குமளவு கடுமையான உடற்கோளாறு ஒன்றாவது தமக்கு இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் அனைவரும் தொழில்முறைக் கலைஞர்கள். சாதகத்தில் குறை வைத்தவர்கள் அல்லர். வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின் குழந்தை மேதையாக உலகப் புகழ் பெற்றவர். வளர்ந்தபின் உடல் இறுக்கத்தால் அவருடைய வாசிப்பே தடுமாறியது. 1952இல் பம்பாயில் பி. கே. எஸ். ஐயங்காரைச் சந்தித்து யோகாசனம் பயின்ற அவர், அது தம் வாசிப்புக்கு உதவியதை வெளிப்படையாகவே சொன்னார். அவருக்குத் தேவைப்பட்டது உடலைத் தளர்த்தும் வழி. மணிக்கணக்கு அவரிடம் ஏற்கனவே நிறைய இருந்தது.

வயலினின் நாதத்தைத் தீர்மானிப்பவை மூன்று: வில் தந்தியின்மீது வைக்கும் எடை, வில் ஓடும் வேகம், குதிரைக்கும் விரற்பலகைக்கும் இடையே வில் தொடும் இடம். எடை கையிலிருந்து தானாக இறங்க வேண்டும். தோளை உயர்த்தி இறுக்கினால் அந்த எடை தோளிலேயே தங்கிவிடும், நாதம் மெலியும். மெலிந்ததும் மாணவர் இன்னும் அழுத்துகிறார், தந்தி கீச்சிடுகிறது, சாதகம் போதவில்லை என்று மேலும் ஒரு மணி நேரம் கூடுகிறது. இடக்கையிலும் இதே கதைதான். தந்தி தெளிவாகப் பேசுவதற்கு ஒரு குறிப்பிட்ட அழுத்தம் போதும். அதற்கு மேல் அழுத்துவதால் நாதம் கூடுவதில்லை, விரலின் ஓட்டம்தான் நிற்கிறது. தோடியின் காந்தாரத்தை நினைத்தாலே போதும். அது ஓரிடத்தில் நிற்கும் சுரமல்ல, அசைவிலேயே உயிர்வாழ்வது. விரல் வழுக்கிச் செல்வதற்காகவே கர்நாடக வயலின் கலைஞர்கள் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொள்கிறார்கள். எண்ணெய் பூசிய விரலை மரத்தில் அறைவதுபோல் அழுத்தச் சொல்லும் சாதகம், கமகத்தை வேரிலேயே அறுக்கிறது.

அமரும் முறையும் இதில் சேரும். வயலினின் தலை வலக்காலின்மீதும் மறுமுனை மார்பிலும் இடத்தோளிலும் படிந்திருந்தால், இடக்கை வயலினைத் தாங்க வேண்டியதே இல்லை. வயலின் நழுவும்போதுதான் பெருவிரல் அதன் கழுத்தைக் கவ்வுகிறது. முழங்கைவரை ஏறும் வலிக்கு அந்தக் கவ்வலே பல நேரங்களில் காரணம். ஒரு மடித்த துணியோ, காலை நீட்டும் கோணத்தில் சிறு மாற்றமோ தீர்க்கும் குறையை, ஆயிரம் மணி நேரம் தீர்க்காது. இதைவிடக் கொடிய வழக்கம் ஒன்றும் உண்டு. வளர்ந்தபின் மறுபடி வாங்கவேண்டாம் என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு முழு அளவு வயலினை வாங்கிக் கொடுக்கிறார்கள். கால், அரை, முக்கால் அளவு வயலின்கள் செய்யப்படுவது காரணத்தோடுதான். எட்டாத கையை நீட்டி நீட்டியே பிள்ளை வலியைச் சம்பாதிக்கிறது.

கண்டியின் காற்றையும் இந்த நம்பிக்கை கணக்கில் எடுப்பதில்லை. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலை சூழ்ந்து, ஆண்டின் பெரும்பகுதி ஈரம் சுமந்த நகரம் இது. ஒக்டோபர், நவம்பர் மழையில் வில்லின் குதிரைமயிர் ஈரத்தால் நீண்டு தளரும், பிருடைகள் உப்பி இறுகும். நாதம் மங்கியதும் மாணவர் தன் கையைக் குறை சொல்லி அழுத்தத் தொடங்குகிறார். உண்மையில் செய்ய வேண்டியது வில்லின் திருகைச் சற்று முறுக்குவதும், வாசித்து முடித்ததும் மறக்காமல் தளர்த்தி வைப்பதும், ரோசினை அளவோடு பூசுவதுமே. ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாட்களில் இது தலைகீழாகும்: மயிர் சுருங்கி வில் விறைக்கும், பிருடைகள் வழுக்கும். கருவியின் குறையையும் கையின் குறையையும் பிரித்தறியக் கற்பிக்காத ஆசிரியர், மாணவரை வீணாக வருத்துகிறார்.

வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சை நெருங்கும் வாரத்தில் பயிற்சியை இரட்டிப்பாக்கும் வழக்கம் இந்த நம்பிக்கையின் உச்சம். அந்த வாரத்தில் புதிதாக எதுவும் கைவராது. களைத்த தசைநாண் மட்டும் பரீட்சை அறைக்குக் கூடவே வரும். வர்ணத்தை முதற்காலத்தில் மெதுவாக, வில் மாறும் இடங்களைக் கேட்டுக் கேட்டு வாசிப்பதே அப்போது பயன் தரும். கோயில் திருவிழா மேடையிலும் பாடசாலை வாணி விழாவிலும் தன் வயலின் தனக்கே கேட்காமல் போனால் அழுத்துவது இயல்புதான். அதற்கு மருந்து, ஒலிபெருக்கிக்காரரிடம் தன் பக்கம் ஒரு பெட்டியைத் திருப்பி வைக்கக் கேட்பது. மைசூர் சௌடய்யா 1920களில் ஏழு தந்தி வயலினை உருவாக்கியது, பெரிய சபைகளில் நாதம் எட்டவேண்டும் என்பதற்காக. அவர் கருவியை மாற்றினார், கையை ஒடிக்கவில்லை.

மணி நேரமே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. நாள்தோறும் வாசிக்காதவருக்கு வயலின் வராது. தொடக்க மாதங்களில் விரல்நுனித் தோல் எரிவதும் பின் காய்ப்பதும் எவருக்கும் உண்டு. அது தானே அடங்கும். மணிக்கட்டு, முழங்கை, தோள், கழுத்து இவற்றில் வலி, மோதிரவிரலிலும் சுண்டுவிரலிலும் மரப்பு, இரவில் கூச்சம் ஆகியவை வேறு வகை. இவை தோன்றினால் அன்றே வில்லைக் கீழே வைக்க வேண்டும். ஓய்விலும் நீங்காவிட்டால் கண்டியிலோ பேராதனையிலோ அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மற்ற நாட்களில் இருபத்தைந்து நிமிட வாசிப்பு, ஐந்து நிமிட ஓய்வு என்று பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைக்குத் தாராளம். கைபேசியில் பதிவு செய்து கேட்பது, ஆசிரியர் இல்லாத ஆறு நாளுக்கும் ஓரளவு காவலாகும். ஆசிரியர்கள் அடுத்த வகுப்பில் எத்தனை மணி நேரம் வாசித்தாய் என்று கேட்பதை விட்டு, எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்கட்டும்.